சுத்த சைவத் தவளை

குளக்கரை ஆலமரத்தில் சிங்காரி என்ற மந்தி இருந்தாள். காடு முழுக்கத் தன்னை நல்ல மனசுக்காரி என்று புகழ வேண்டும் என்பது அவளுக்குத் தீராத ஆசை. ஒருநாள் கரையோரச் சேற்றில் சுகமாக உட்கார்ந்திருந்த ஒரு தவளையைப் பார்த்தாள்.

"ஐயோ பாவம், சேத்துல அநாதையா கிடக்குதே!" என்று அலறினாள். கேட்காமல் கொள்ளாமல் அதைத் தூக்கிப்போய் மரப்பொந்தில் வைத்தாள். இலவம்பஞ்சால் ஈரம் போகத் துடைத்தாள். தங்கக்கட்டி என்று பெயர் வைத்து, வாழைப்பழம் ஊட்டினாள்.

"அக்கா, உடம்பு காஞ்சா எனக்கு மூச்சு முட்டும். கொஞ்சம் ஈரமண்ணாவது போடு! திங்க ரெண்டு பூச்சி வேணும்!" என்று தவளை கெஞ்சியது.

"சீச்சீ, பூச்சியா? நம்ம வீடு சுத்த சைவம்!"

"நேத்து நீ பேன் எடுத்துத் தின்னியே!"

"அது வைத்தியம்! உனக்கென்ன தெரியும்?"

தவளை நாளுக்கு நாள் வாடியது. பக்கத்துக் கிளையிலிருந்து கிளி பார்க்க வந்தது.

"ஏன் இப்படி மெலிஞ்சிருச்சு?"

"விரதம்!" என்றாள் சிங்காரி.

"கண்ணைக்கூடத் திறக்கலையே?"

"தியானம்! எல்லாம் என் வளர்ப்பு!"

கிளிக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே விழுந்து கும்பிட்டது. மறுநாளே கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொரு பழத்தைக் கொண்டுவந்து தவளை முன்னால் படைத்தார்கள். சாகக் கிடக்கிற ஜீவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட அந்தப் பக்தர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நினைத்தாலே வயிறு எரிகிறது!

பழம் அழுகியது. அழுகிய பழத்துக்கு ஈ வந்தது. ஓர் ஈ, தியானத்தில் இருந்தவரின் வாய்க்கு நேரே போய் உட்கார்ந்தது. சளக்! நாக்கு நீண்டது. ஈயைக் காணோம்.

"ஐயையோ, சாமி ஈயைத் தின்னுடுச்சு!" என்று கிளி கத்தியது. கூட்டம் கலைந்து ஓடியது.

சிங்காரிக்கு மானமே போய்விட்டது. "நன்றி கெட்டவனே! இனி என் வீட்டுல உனக்கு இடமில்ல!" என்று தவளையின் காலைப் பிடித்து வெளியே வீசினாள். பொந்துக்கு நேர் கீழே குளம். தண்ணீரில் விழுந்த தவளை முங்கி எழுந்து, ஆசைதீர மூச்சு விட்டது.

"இப்படித் திட்டி விரட்டிட்டாளேன்னு வருத்தமாடா?" என்று கரையிலிருந்த ஆமை கேட்டது.

"வருத்தமா? இத்தனை நாள்ல அவ எனக்குச் செஞ்ச ஒரே உபகாரம் அதுதாண்ணே!"

ஓர் உயிரை வளர்க்க ஆசைப்பட்டால் நம் வழக்கத்தை அதன் வாயில் திணிக்காமல் அதற்கு வேண்டியதைக் கொடுக்க வேண்டும். முடியாதென்றால், அது இருந்த இடத்திலேயே அதை விட்டுவிட வேண்டும்.