தன் காருக்குத் தானே ஆயில் மாற்றிய கரடி

ஒரு காட்டில் சாலை போட்டார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் யாரும் சாலை கேட்கவில்லை, இருந்தாலும் போட்டார்கள். சாலை வந்த பின் கார் வந்தது. கார் வந்த பின் நரி ஒரு பட்டறை வைத்தது. எல்லாக் காடுகளிலும் இதுதான் வரிசை, பிள்ளைகளே.

பட்டறையின் முன்பக்கம் ஓர் அறை. அதில் நாற்காலிகள், மின்விசிறி, பானை நிறைய மோர். பின்பக்கம்தான் வேலை நடக்கும் இடம். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு, கதவில் ஒரு பலகை: "வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது."

யானைக்குக் கௌரவம் பெரிது. "அழுக்கு இடத்தில் எனக்கு என்ன வேலை?" என்று சொல்லி மோர் குடித்தது. மயிலுக்கு அழகு பெரிது. தோகையில் கறை படும் என்று கதவுப் பக்கமே திரும்பாது. மான் பயந்த சுபாவம். பலகையில் எது எழுதியிருந்தாலும் கீழ்ப்படியும்.

கரடி மட்டும் சந்தேகப் பிராணி.

கரடியிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. தேன் காலத்தில் வாரந்தோறும் அதில் தேன் குடங்களை ஏற்றிக்கொண்டு மலையைத் தாண்டிச் சந்தைக்குப் போகும். அந்த எஞ்சின் நின்றால் கரடி வீட்டு அடுப்பும் நின்றுவிடும். வேறு பிழைப்பு கிடையாது. மூன்று வருடமாக நரியிடம்தான் ஆயில் மாற்றி வந்தது. ஆனாலும் ஏற்றம் வந்தால் எஞ்சின் கடகடவென்று இரைந்தது.

"போன மாதம்தானே ஆயில் மாற்றினாய், தம்பி?" என்று கேட்டது கரடி.

"கார் கிழடாகிவிட்டது, அண்ணே," என்றது நரி. "கிழட்டு உடம்பு அடிக்கடி மருந்து கேட்கும். விட்டுவிட்டுப் போங்கள். மாலைக்குள் புது ஆயில் ஊற்றித் தருகிறேன்."

கரடி விட்டுவிட்டுப் போனது. ஆனால் வருவதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தது. காரின் அடியில், ஆயில் தொட்டியில் ஒரு போல்ட் உண்டு. அதைக் கழற்றினால்தான் பழைய ஆயில் வடியும். போல்ட்டையும் தொட்டியையும் சேர்த்துச் சுண்ணாம்பால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தது. போல்ட்டைத் திருகினால் கோடு முறிந்துவிடும்.

மாலையில் காரை வாங்கிக் குனிந்து பார்த்தது. கோடு இழுத்தபடியே இருந்தது.

நேரே முன்னறைக்குப் போனது. அங்கே எல்லோரும் மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, போல்ட்டைத் தொடாமலே ஆயில் மாற்றியிருக்கிறாயே. நான் போட்ட சுண்ணாம்புக் கோடு அப்படியே இருக்கிறது."

நரி கொஞ்சமும் கலங்கவில்லை. "அது நீங்கள் போட்ட கோடு இல்லை, அண்ணே. நாங்கள் போட்டது. வேலை முடிந்ததும் கண் படாமல் இருக்க ஒரு கோடு போடுவது எங்கள் பட்டறை வழக்கம்."

"என் காருக்குப் போட்டதாகத் தெரியவில்லையே," என்று மயில் குறைப்பட்டுக்கொண்டது.

மறுநாளே காட்டில் எல்லாக் கார்களுக்கும் கோடு விழுந்தது. ஆயில் மட்டும் மாறவில்லை. அது மறுநாள் கதை; அன்று முன்னறையில் கரடி விடவில்லை.

"அப்படியானால் என் கண்முன்னால் மாற்று," என்றது கரடி.

"பலகையைப் படிக்கவில்லையா, அண்ணே?"

"படித்தேன். அதனால்தான் இனி நானே வீட்டில் மாற்றிக்கொள்ளப் போகிறேன்."

எல்லோரும் குவளையைக் கீழே வைத்தார்கள்.

"எஞ்சின் வெடித்துவிடாதா?" என்றது மான்.

"வெடிக்கலாம்," என்றது நரி வருத்தத்தோடு. "நான் சொல்லிவிட்டேன். பிறகு என்மேல் பழி வரக்கூடாது."

"காருக்கு அடியில் மல்லாந்து படுப்பாயா?" என்று கேட்டது யானை. "உன் குலத்தில் யாராவது அப்படிப் படுத்திருக்கிறார்களா?"

"என் குலத்தில் யாரும் கார் வைத்திருந்ததும் இல்லை," என்றது கரடி.

மறுநாள் கரடி வீட்டின் முன் கூட்டம் கூடியது. உதவிக்கு அல்ல, வெடிப்பதைப் பார்க்க. யானை பாதுகாப்பாக ஒரு மரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டது. மரம்தான் மறைந்தது.

கரடி எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டது. சூட்டில் ஆயில் இளகும். பிறகு அணைத்து, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டது. முன்சக்கரங்களைச் சரிவான இரண்டு பாறைகளில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தது. அடியில் ஓர் அண்டாவை வைத்துப் போல்ட்டைக் கழற்றியது.

தார் போல வந்தது. மூன்று வருட அழுக்கு. மூன்று வருடமாகக் குடித்த மோர் கரடியின் நினைவுக்கு வந்தது.

பழைய ஃபில்டரைக் கழற்றிப் புதியதை மாட்டியது. போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு இறுக்கியது. காரைச் சமதரைக்கு இறக்கி, அளவு பார்க்கும் ஆயில் குச்சியை விட்டு எடுத்துப் பார்த்துப் பார்த்துப் புது ஆயிலை ஊற்றியது.

"பழையதைக் கறையான் புற்றில் கொட்டு, கறையான் செத்துவிடும்," என்றது மயில்.

"கறையான் என் சாப்பாடு," என்று சொல்லி, கரடி அதை ஒரு டப்பாவில் அடைத்து மூடியது.

எஞ்சினைக் கிளப்பியது. வெடிக்கவில்லை. கூட்டம் ஏமாற்றத்தோடு கலைந்தது.

ஒரு வாரம் கழித்து நரி எல்லோரையும் அவரவர் காரோடு அழைத்துக்கொண்டு வந்தது. கரடியின் காரிலிருந்து ஆயில் குச்சியை உருவி, விரலில் தேய்த்துக் காட்டியது.

"பாருங்கள், ஏழே நாளில் கறுத்துவிட்டது. உள்ளே எஞ்சின் அரிபடுகிறது. இரண்டு மாதம் பட்டறையில் கிடந்தால்தான் பிழைக்கும், அண்ணே."

கரடி கணக்குப் போட்டுப் பார்த்தது. தேன் காலமே இரண்டு மாதம்தான்.

"டீசல் காரில் ஆயில் கறுப்பது வழக்கமா, தவறா என்று எனக்குத் தெரியாது," என்றது மெதுவாக. "எல்லோருடைய குச்சியையும் எடுத்துப் பார்ப்போமே."

எடுத்தார்கள். யானையுடையதில் ஆயில் பிசினாக ஒட்டிக்கொண்டிருந்தது. மயிலுடையதில் மணல் நெருடியது. மானுடைய குச்சியில் ஒன்றுமே இல்லை.

"எவ்வளவு சுத்தம், பார்த்தீர்களா?" என்றது நரி.

"உன் கார், தம்பி?"

நரிக்கு ஒரு பலவீனம் உண்டு. தன் காரைப் பற்றி யார் கேட்டாலும் பெருமையில் வாய் ஓயாது. ஓடிப் போய்க் குச்சியை உருவிக்கொண்டு வந்தது. ஆயில் தேன் நிறத்தில் மின்னியது.

"எப்போது மாற்றினாய்?"

"இன்று காலை."

"யார் மாற்றினார்கள்?"

"நான்தான், என் கையால். வேறு யாரைத் தொடவிடுவேன்?"

"பட்டறையிலா?"

"பட்டறையிலா? நல்ல கதை. அங்கே வேலை நடக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா? வீட்டு வாசலில், நானே அடியில் படுத்து..."

நரி சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

கரடி மற்றவர்களைப் பார்த்தது. இனி வாதாட வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தது.

யானைதான் முதலில் பேசியது. "பார்த்தாயா கரடி? தன் காரை எவ்வளவு அருமையாக வைத்திருக்கிறார். இத்தனை தெரிந்தவரிடம் விடாமல் வேறு யாரிடம் விடுவது?"

"எல்லாம் கைராசி," என்றது மயில்.

"தனக்கே இப்படிச் செய்கிறவர் நமக்கு எப்படியெல்லாம் செய்வார்," என்று மான் கண் கலங்கியது.

நரியாலேயே ஒரு கணம் நம்ப முடியவில்லை. பிறகு அடக்கமாகக் கும்பிட்டது. அன்று மாலை மூன்று கார்களும் பட்டறை வாசலில் வரிசையாக நின்றன.

கரடி யாரையும் தடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை நரியே சொல்லிவிட்டதே. மறுநாள் தேன் குடங்களை ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பியது. கறுத்த ஆயிலோடேயே எஞ்சின் இரையாமல் மலை ஏறியது.

பாதி வழியில் மானின் கார் ஓரமாக நின்றிருந்தது; எஞ்சின் இறுகிவிட்டது. அதற்கு மேலே, யானை தன் காரைத் தானே தள்ளிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தது.

"என்ன ஆயிற்று, யானையாரே?"

"ஒன்றும் ஆகவில்லை," என்றது யானை. "இப்படித் தள்ளிக்கொண்டு போனால் எஞ்சினுக்கு ஓய்வு கிடைக்குமாம். நரியார் சொன்னார்."

நீதி: தன் கை அழுக்காவதற்குக் கூசுகிறவனுக்கு, ஏமாற்றுகிறவன் உண்மையையே சொன்னாலும் காதில் விழாது.