முந்நூறு மூட்டை மிளகு

கடல் இன்னும் ஊருக்குப் பக்கத்தில் கிடந்த காலம், கேளுங்கள். பவளங்குடி என்றொரு துறைமுகம். அங்கே மாநாகன் என்றொரு கப்பல் தலைவன். ஊரார் பணம் போடுவார்கள். அவன் மேற்குக் கரைக்குக் கப்பல் அனுப்பி மிளகு கொண்டுவருவான். வந்த மிளகை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

பணம் போட்டவர்களில் பணியாரம் சுட்டு விற்கும் வெள்ளச்சியும் ஒருத்தி. வைத்திருந்த இரண்டு எருமைகளையும் விற்றுப் போட்டிருந்தாள்.

முதல் ஆண்டு மாநாகன் சபையில் எழுந்து, நூறு மூட்டை வரும் என்றான். ஊர் கை தட்டியது. அன்றைக்கே பட்டாடை போர்த்தி, ஆண்டுக் கூலியையும் கையில் கொடுத்துவிட்டார்கள். வந்தது நாற்பது மூட்டை. காற்று சரியில்லை என்றான்.

இரண்டாம் ஆண்டு இருநூறு என்றான். மறுபடி கைதட்டல், பட்டாடை, கூலி. வந்தது முப்பது. அலை சரியில்லை என்றான்.

மூன்றாம் ஆண்டு முந்நூறு என்றான்.

வெள்ளச்சி பக்கத்திலிருந்த தட்டாரைப் பார்த்தாள். அவர் முகம் வெளுத்திருந்தது. கை மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. சந்தேகம் கேட்டால் கணக்குத் தெரியாதவன் என்பார்களே என்று ஆளுக்கொரு பயம். வெள்ளச்சிக்கு அந்தப் பயம் இல்லை. அவளுக்குக் கணக்குத் தெரியாது என்பதுதான் ஊருக்கே தெரியுமே.

எழுந்து கும்பிட்டாள்.

"ஐயா, உங்களைப் போன்றவருக்குக் கூலி கொடுப்பது மரியாதை இல்லை. முந்நூறில் எங்களுக்கு இருநூறு போதும். அதற்கு மேல் வருவதெல்லாம் உங்களுக்கே. கூலி மட்டும் வேண்டாம்."

சபை மொத்தமும் மாநாகன் பக்கம் திரும்பியது. அவன் மீசையைத் தடவினான். முந்நூறு என்பது கடல் மனம் வைத்தால் என்றான். இருநூறு என்று வைத்துக்கொள்ளலாம் என்றான்.

அப்படியானால் எங்களுக்கு நூறு போதும் என்றாள் வெள்ளச்சி.

அவன் தொண்டையைச் செருமினான். கப்பல் கொஞ்சம் பழசு, நூறு என்றே வைத்துக்கொள்வோம் என்றான்.

"சரி ஐயா. எங்களுக்கு ஐம்பது."

போர்த்துவதற்காகக் காத்திருந்த பட்டாடையை மாநாகன் ஒருமுறை பார்த்தான். வெகுநேரம் விரல்களை மடக்கி எண்ணினான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "முப்பது என்று வையுங்கள் அம்மா. அதற்கு மேல் வந்தால் எனக்கு" என்றான்.

அன்று யாரும் கை தட்டவில்லை. வாயைப் பொத்திச் சிரிக்கவே கைகள் சரியாக இருந்தன.

அந்த ஆண்டு மாநாகன் கப்பலின் விரிசல்களைத் தானே நின்று அடைத்தான். கிழிந்த பாயை மாற்றினான். கரையில் உட்கார்ந்து தாயம் ஆடாமல் கப்பலோடு தானும் போனான். ஐம்பது மூட்டை வந்தது. ஊருக்கு முப்பது, அவனுக்கு இருபது. பழைய கூலியைவிட அது அதிகம் என்பதில் அவனுக்கே ஆச்சரியம்.

வெள்ளச்சி தன் பங்கை விற்று ஓர் எருமையை மீட்டாள். இன்னொன்று கன்று போட்டிருந்ததால், வாங்கியவர் தர மாட்டேன் என்றுவிட்டார்.

அடுத்த ஆண்டு சபையில், எத்தனை மூட்டை வரும் என்று தட்டார் கேட்டார். வந்ததும் எண்ணிச் சொல்கிறேன் என்று மாநாகன் உட்கார்ந்துவிட்டான்.

கதையின் நீதி இதுதான்: தான் சொல்லும் கணக்கிலிருந்தே தன் சோறும் வரவேண்டும் என்றால், எவனும் அளந்துதான் பேசுவான்.