எட்டாவது பெயர்

பொன்னுதுரை முப்பது வருஷம் வக்கீலாக இருந்தவர். ஓய்வு பெற்று மார்மன் சபையில் சேர்ந்த பிறகு, கேஸ் இல்லாத குறையை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தீர்த்துக்கொண்டார். சபையைப் பற்றி ஊரார் சொல்லும் குறைகள் இடப்பக்கம், அவருடைய பதில்கள் வலப்பக்கம். முன்காலத்தில் சபையார் கட்டிக்கொண்ட பல மனைவிகள், சபையின் வேதம் எழுதியிருந்ததாகச் சொல்லப்படும், இப்போது யார் கையிலும் இல்லாத தங்கத் தகடுகள், 'நீங்கள் கிறிஸ்தவர்களே இல்லை' என்ற பேச்சு, எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டார். ஒரு பக்கம் மட்டும் காலியாக இருந்தது.

அந்தப் பக்கத்தோடு சனிக்கிழமை மத்தியானம் சபைக் கட்டிடத்துக்கு வந்தார். சாயங்காலம் ஒருவருக்கு ஞானஸ்நானம். சுகிர்தா தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். அவருக்கு வேதம் சொல்லிக்கொடுப்பவள் அவள். வயதில் அவருடைய மகளைப் போல.

"சிஸ்டர், செத்தவங்களுக்காக நாம ஞானஸ்நானம் எடுக்கிறோமே, அதுக்கு ஒரு பதில் வேணும்."

"யாரு கேட்டது?"

"எங்க அண்ணி."

இறந்துபோன அண்ணனின் பெயரை வெளிநாட்டில் இருக்கும் சபையின் ஆலயத்துக்கு அனுப்ப அவர் படிவம் எழுதி வைத்திருந்தார். அங்கே ஒருவர் அண்ணனுக்குப் பதிலாகத் தண்ணீரில் முழுகுவார். அண்ணி வேண்டாம் என்றுவிட்டாள். மீறி அனுப்பினால் வாசல்படி மிதிக்காதே என்றாள். தாயில்லாத பொன்னுதுரைக்குப் பத்து வயதிலிருந்து சோறு போட்டு வளர்த்தவள் அவள்.

"செத்தவங்க ஏத்துக்கலாம், மறுக்கலாம், கட்டாயம் இல்லைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். 'அவரு மறுத்தா உன்கிட்ட யாருடா வந்து சொல்வா?'ன்னு கேட்டாங்க. அதுக்குத்தான் இந்தப் பக்கம் காலியா இருக்கு."

சுகிர்தா குழாயை மூடினாள். கட்டிடம் சட்டென்று அமைதியானது.

"இதை நோட்டுல எழுதாதீங்க. ஏழு வருஷத்துக்கு முன்னாடி வெளிநாட்டு ஆலயத்துக்குப் போனேன். எங்க வம்சத்துல தேடி எடுத்த ஒன்பது பெண்கள் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முழுக்கு. நம்ம வழக்கம் தெரியும்ல?"

"தெரியும். ஒரு முடி மேல நின்னாலும் செல்லாது. சாட்சிங்க பார்த்துச் சொல்வாங்க, திரும்ப முழுகணும்."

"ஏழு பெயர் ஒழுங்கா முடிஞ்சுது. எட்டாவது கனகம்மா, தூரத்து உறவு. முழுகி எழுந்தேன். முடி மிதந்துச்சுன்னாங்க. இறுக்கிக் கொண்டை போட்டிருந்தேன், பிரதர். மறுபடி முழுகினேன். மறுபடியும் முடி. மூணாவது தடவை கொண்டையைத் தொட்டுப் பார்த்துட்டுத்தான் முழுகினேன். ஒரு பிசிறு வெளியே இல்லை."

"அப்புறம்?"

"சாட்சி முகம் வெளுத்துப் போச்சு. நீளமா, நரைச்ச முடின்னு சொன்னாங்க. எனக்கு அப்போ முப்பது வயசு."

பொன்னுதுரை அவளுடைய தலையைப் பார்த்தார். அவள் ஏன் முடியை இத்தனை குட்டையாக வெட்டிக்கொள்கிறாள் என்று அவர் இதுவரை கேட்டதில்லை. தொட்டியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார்.

"ஊருக்கு வந்து விசாரிச்சேன். கனகம்மாவுக்கு ஒரு மக உயிரோட இருந்தாங்க. நெருங்கின சொந்தத்தைக் கேட்டுட்டு அனுப்பணும்னு சபையோட விதியே இருக்கு. யாரும் இல்லைன்னு நான் அவசரத்துல எழுதிட்டேன். நேர்ல போய்ச் சொன்னேன். அவங்க கோபப்படல. 'எங்கம்மா கிணத்துல விழுந்து செத்தவங்க. தூக்கினப்போ முடிதான் முதல்ல மேல வந்துச்சு. அவங்களை மறுபடியும் தண்ணிக்குள்ளயா இறக்கினே?'ன்னு மட்டும் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அழுதேன்."

"அப்போ அந்தம்மா மறுத்துட்டாங்களா?"

"தெரியாது."

"நம்ம நம்பிக்கையே தப்புங்கிறீங்களா?"

"இல்லை. செத்தவங்களுக்கும் கதவு திறந்திருக்குன்னு இன்னமும் நம்புறேன். அதுக்கப்புறமும் ரெண்டு தடவை போய் முழுகிட்டு வந்தேன். கேட்டுட்டுப் போனேன்."

பொன்னுதுரை நோட்டைத் திறந்தார். பயந்தாலும் வக்கீல் வக்கீல்தான்.

"இதைச் சொன்னா அண்ணி இன்னும் மிரண்டு போவாங்க. வாதத்துக்கு உதவாது. அண்ணன் மறுத்தா நமக்கு எப்படித் தெரியும்? அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க சிஸ்டர்."

நோட்டுக்குள்ளிருந்து படிவம் எட்டிப் பார்த்தது. சுகிர்தா அதை உருவிப் படித்தாள். நெருங்கிய உறவினரின் சம்மதம் என்று அண்ணி கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் தன் பெயரையே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

குழாய் மூடியே இருந்தது. தொட்டியின் நடுவில் ஒரு வளையம் எழுந்து, மெதுவாக விரிந்து, விளிம்பைத் தொட்டது. இரண்டு பேரும் பார்த்தார்கள்.

சுகிர்தா படிவத்தை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"உயிரோட இருக்கிற அண்ணி வேண்டாம்னு சொன்னதே உங்க காதுல விழலை. செத்துப்போன அண்ணன் சொன்னா மட்டும் விழுமா, பிரதர்?"