முட்டைக்குள் முதலில் வந்தது எது?

கதையைச் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு உங்கள் பொறுப்பு. கடைசியில் கையை விரித்தால் விடமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

கடலோரத்தில் உவர்க்குடி என்று ஒரு சிற்றரசு இருந்தது. உப்பு விளையும் ஊர். அங்கே செம்பாயி என்று ஒரு மருத்துவச்சி. ஊரில் பாதிப் பேர் அவள் கையில் விழுந்துதான் முதல் அழுகை அழுதார்கள். அரசன் கோச்சாத்தனும் அதில் அடக்கம். "மாட்டுக் கொட்டகையிலயும் உப்பளத்து வரப்புலயும் பொம்பளைங்க பிள்ளை பெறுதாங்க, ஒரு கூரை போட்டுக் குடுங்க" என்று அவனைப் பன்னிரண்டு வருஷமாக நச்சரித்தாள். ஒருவழியாகப் பேறுகால வீடு எழுந்தது. வெந்நீர் அடுப்பு, காற்று வர ஜன்னல், எல்லாம் அவள் சொன்னபடியே. அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனாள்.

அப்புறம்தான் வினை வந்தது. வீட்டுச் சாவி யார் கையில் இருப்பது? அரண்மனை வைத்தியர்கள் இருவருமே கேட்டார்கள். ஈசானரும் தணிகையரும் எலியும் பூனையுமாக இருப்பவர்கள். ஆனாலும் இதில் மட்டும் ஒரே பேச்சு. மூன்று மாதம் தங்களிடம் நாடி பார்த்துக்கொண்டவளுக்குத்தான் கதவு திறக்குமாம். செம்பாயிக்கு இது பொறுக்கவில்லை. உப்புச் சுமக்கிறவள் நாடி பார்க்கவா வருவாள்? வலி எடுத்த பிறகுதானே அவள் கூடையையே இறக்குகிறாள்! "சாவியை என்கிட்ட குடுங்க மகாராஜா" என்று இவளும் போய் நின்றாள்.

அரசனுக்குத் தர்மசங்கடம். அந்தக் காலத்தில் படித்தவர்கள் நாலு பேர் கூடினால் ஒரு வழக்கு நிச்சயம் கிளம்பும்: கருவில் முதலில் உண்டாவது எது? தலைதான் என்பார் ஈசானர். இதயம்தான் என்பார் தணிகையர். அரசன் அதையே போட்டியாக வைத்துவிட்டான்.

"கருவில் முதலில் உண்டாவதை என் கண்ணுக்குக் காட்டுகிறவருக்குச் சாவி. பேச்சு வேண்டாம், காட்ட வேண்டும்" என்றான். கோழிமுட்டையில் பார்க்கலாம் என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள்.

வைத்தியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மனிதப் பிள்ளைக்குக் கணிப்பதுபோல முட்டை இட்ட நாழிகையிலிருந்து நாள் எண்ணினார்கள். ஐந்து முட்டையைக் கூடையில் வைத்து, ஐந்தாம் நாள் சபையில் உடைத்தார்கள். மஞ்சள் கரு கொழகொழவென்று வழிந்தது, அவ்வளவுதான். செம்பாயிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயா, அடை வச்சீங்களா? கோழிச் சூடு படாம முட்டையில என்ன நடக்கும்? கோழி உக்காந்த நாள்ல இருந்துல்ல எண்ணணும்!"

இருவர் முகமும் தொங்கிப் போயிற்று. அவளுடைய அடைக்கோழியையே கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு முட்டை வைத்தார்கள். தினம் காலையில் ஒன்றை உடைப்பது என்று ஏற்பாடு.

ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்து முதல் முட்டை உடைந்தது. ஓலைச்சுவடியையே கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிக்கிற தணிகையர், முட்டையையும் அப்படியே பிடித்துப் பார்த்து, "ஒன்றுமில்லை" என்றார். ஈசானரும் உதட்டைப் பிதுக்கினார். செம்பாயி குனிந்து பார்த்தாள். "இருக்கு மகாராஜா. இந்த வெள்ளை வட்டத்துக்கு நடுவுல பாருங்க, நூலை அறுத்துப் போட்ட மாதிரி ஒரு கோடு."

அரசன் குனிந்து பார்த்தான். கோடு இருந்தது.

"அது என்ன?"

"தெரியலையே. முதுகா இருக்கலாம், தலையா இருக்கலாம். கோடுன்னுதான் என்னால சொல்ல முடியும்."

அதற்கடுத்த நாள் முட்டையில் எதுவும் துடிப்பதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் முட்டையில், அடேயப்பா, கடுகளவு செம்புள்ளி ஒன்று துள்ளித் துள்ளித் துடித்தது! "இதயம்!" என்று தணிகையர் குதித்தார். எல்லோரும் முண்டியடித்துப் பார்ப்பதற்குள் புள்ளி நின்றுவிட்டது. "செத்தால் சாகட்டும், பார்த்தாயிற்றே" என்றார் அவர். செம்பாயிக்கு மனசு கேட்கவில்லை. வெதுவெதுப்பான நீரைக் கிண்ணத்தில் ஊற்றி, புள்ளி இருந்த முட்டையோட்டை அப்படியே அதில் மிதக்கவிட்டாள். கொஞ்ச நேரத்தில் புள்ளி மறுபடி துடித்தது. அதைப் பார்த்து அவள் கண் கலங்கிவிட்டது.

பிறகு சண்டை. "இதயம் என்று பெயர் சொல்லிக் காட்டியது நான். இவள் காட்டிய கோடு என்னவென்று இவளுக்கே தெரியாது" என்றார் தணிகையர். "அந்தக் கோடு தலையேதான்! அவள் காட்டியதால் வென்றது என் கட்சி" என்றார் ஈசானர். "முதல்ல காட்டினது நான். அது என்னன்னு தெரியலைங்கிறதும் நெசம்" என்றாள் செம்பாயி.

அரசன் கொடுத்த வாக்கும் தவறக் கூடாது. இப்போது சொல்லுங்கள்: சாவி யாருக்குப் போவது நியாயம்?

யோசித்தீர்களா? சரி, விடையைக் கேளுங்கள். அரசன் கேட்டது காட்டும்படி. பெயர் சொல்லும்படி அல்ல. தணிகையரின் இதயம் இரண்டு நாள் பிந்தி வந்தது. அவர் 'ஒன்றுமில்லை' என்ற முட்டையில்தான் முதல் அடையாளம் இருந்தது. ஈசானர் தாம் பார்க்கத் தவறியதற்கு, பிறகு வந்து பெயர் வைத்தார். அது தலைதான் என்பதற்குச் சாட்சி இல்லை. பார்த்ததைக் காட்டி, பார்க்காததைத் தெரியாது என்றவள் செம்பாயி ஒருத்திதான். அரசன் சாவியை அவள் கையில் கொடுத்தான். அவள் நேரே பேறுகால வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தாள். திறந்த பூட்டையும் சாவியையும் சேர்த்து அரண்மனைக்கே திருப்பி அனுப்பினாள். "பிள்ளை பெற வர்றவளுக்குப் பூட்டு எதுக்கு மகாராஜா?" என்று சொல்லிவிடச் சொன்னாள்.