பொன் திரையும் ஒரு வாய்த் தண்ணீரும்

மலைகளுக்குப் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. ஆறுகள் எந்தப் பக்கம் ஓடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்திலே நீர்மருத நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டில் யாரும் சாவதில்லை.

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நானும் நம்பவில்லை. ஆனால் அரசாணை அப்படித்தான் சொன்னது, அரசாணை சொன்னால் ஊரே தலையாட்டும். கோட்டைக்கு வடக்கே ஒரு மண்டபம். மண்டப வாசலில் தரை தொட ஒரு பொன் திரை. அதைத் தொங்கவிட்டவன் திரைமாயன் என்னும் மந்திரவாதி. "மூச்சு இழுக்கத் தொடங்கியவர்களை இந்தத் திரைக்குப் பின்னால் கொண்டுவந்து விடுங்கள். அவர்களுக்குச் சாவு கிடையாது" என்று அவன், சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்திருந்த அறவாழி ராஜாவிடம் சொல்லியிருந்தான். ராஜா ஏன், எப்படி என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அன்றிலிருந்து எந்த வீட்டில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் வெள்ளை முண்டாசுக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒருவன் மணியோடு முன்னால், இருவர் ஆளைச் சுமக்கும் தூளியோடு பின்னால். வாசலில் நின்று மூவரும் ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள்.

"திரும்பிக்கொள்."

"பார்க்காதே."

"மறந்துவிடு."

வீட்டார் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்கள். தூளி போய்விடும். சாயங்காலத்துக்குள் போனவரின் முகம் மறந்துவிடும், விடிந்தால் பெயரும் மறந்துவிடும். அழுகை கிடையாது, துக்கம் கிடையாது. எவ்வளவு சௌகரியம் பாருங்கள். ஆனால் அந்த நாட்டு மாமரங்களில் பழுத்த இலை உதிரவில்லை. உதிராததால் தளிர் வரவில்லை. மஞ்சள் இலையைச் சுமந்துகொண்டு மரங்கள் அப்படியே நின்றன. ஜனங்கள் சிரித்தால்கூடப் பாதிச் சிரிப்புதான் வந்தது.

கோட்டைக்கு வெளியே, குளக்கரையில், காத்தாயி என்று ஒருத்தி வாத்து மேய்த்தாள். அவளுக்கு ஒரே மகள். பெயர் வடிவு. அந்தப் பெண்ணோடு பேசி ஜெயித்தவர்கள் அந்த ஊரில் இல்லை. கோயில் பூசாரியோடு வாதாடுவாள். தானியக்காரனோடு வாதாடுவாள். ஆள் கிடைக்காத நாளில் வாத்துகளோடு வாதாடுவாள். "உன் வாயை அடைக்க ஒரு ஊர்க் கதவு பத்தாதுடி" என்று காத்தாயி சொல்லிச் சிரிப்பாள். அந்த நாட்டில் முழுச் சிரிப்பு சிரித்தவள் அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காத்தாயிக்கு ஒருநாள் நெஞ்சு அடைத்தது. கயிற்றுக்கட்டிலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மகளைக் கிட்டே கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கடைசியா ஒரு வாய்த் தண்ணி நீதான் ஊத்தணும்டி. நீ என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கணும். அது போதும் எனக்கு."

வடிவு சரி என்றாள். செம்பில் குளத்துத் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். அன்று பிற்பகலே மணிச் சத்தம் கேட்டது.

முண்டாசுக்காரர்கள் வாசலில் நின்றார்கள். திரும்பிக்கொள், பார்க்காதே, மறந்துவிடு என்றார்கள். அண்டைவீட்டுக்காரர்கள் சுவர்ப்பக்கம் திரும்பியாயிற்று. வடிவு திரும்பவில்லை. இதைப் பார்த்துப் பதறியவர் அவளுடைய மாமா சடையப்பன்.

"வயசுப் பொண்ணு இதையெல்லாம் பார்க்கக் கூடாது. பொம்பளை மனசு தாங்காது. திரும்பு."

கேட்டீர்களா நியாயத்தை? வடிவுக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை பொறக்கும்போது ரத்தத்தோடயும் கத்தலோடயும் பக்கத்துல இருக்கிறது யாரு மாமா? நீங்களா? அப்போ தாங்குற மனசு இப்போ மட்டும் ஏன் தாங்காது?"

மாமா ஏதோ சொன்னார். அவள் அதற்கும் பதில் சொன்னாள். அவர் வழக்கம் என்றார். யார் வைத்த வழக்கம் என்றாள். அவர் ராஜா என்றார். ராஜாவுக்கு யார் சொன்னது என்றாள். கடைசியில் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். வடிவு ஜெயித்துவிட்டாள். ஜெயித்த முகத்தோடு அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

கட்டில் காலியாக இருந்தது. செம்பு மட்டும் அப்படியே இருந்தது.

மாமாவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தூளி போயே போய்விட்டது. யாரும் அவளைத் திருப்பவில்லை. அவளாகத்தான் திரும்பினாள்.

செம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓட ஓட, அம்மாவின் முகம் அவள் மனதில் கரையத் தொடங்கியது. முதலில் மூக்குத்தி போயிற்று. பிறகு கண். "காத்தாயி, காத்தாயி" என்று பெயரையாவது விடாமல் சொல்லிக்கொண்டே ஓடினாள்.

மாமரத்திலிருந்து ஒரு காக்கை கூப்பிட்டது. "ஏய் பொண்ணே, சோறு இருக்கா?"

வேறொரு நாளாக இருந்தால், காக்கை பேசுமா என்று அதனோடும் வாதாடியிருப்பாள். இன்று நின்று மூச்சு வாங்கினாள். இல்லை என்றாள்.

"இருக்காது. போனவங்களை நினைச்சு எங்களுக்கு ஒரு பிடி வைப்பாங்க, அந்தக் காலத்துல. இங்கதான் யாருமே போகலியே. யார் பேரைச் சொல்லி வைப்பாங்க? எங்க கூட்டமே எலும்பாகிப் போச்சு" என்று காக்கை குறைப்பட்டுக்கொண்டது. பிறகு விஷயத்துக்கு வந்தது. திரைக்குப் பின்னால் யாரும் வாழவும் இல்லை, சாகவும் இல்லையாம். பார்க்க ஆளில்லாத உயிர் கடைசி மூச்சிலேயே நின்றுவிடுமாம். அந்த மூச்சுகளைக் குடித்துத்தான் உள்ளே எண்ணெய் இல்லாத ஒரு விளக்கு எரிகிறது. அது எரியும்வரை திரைமாயனுக்குச் சாவில்லை.

"ஒருத்தர் உயிர் போறதைக் கண்ணெடுக்காம கடைசிவரைக்கும் பார்த்தா போதும், திரை கிழிஞ்சிடும். ஆனா அவன் மூணு தடவை உன்னைத் திருப்பப் பார்ப்பான். ஒரு தடவை திரும்பினாலும் நீயும் அங்கேயேதான் கிடக்கணும்."

"எங்கம்மாவைக் காப்பாத்த முடியுமா?"

"முடியாது. அதை இப்பவே சொல்லிடறேன்."

"அப்புறம் நான் எதுக்குப் போகணும்?"

"தண்ணி கேட்டாங்களே" என்றது காக்கை.

வடிவு செம்பைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

மண்டபத்துக்குக் காவல் கிடையாது. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும் நாட்டில் காவல் எதற்கு? திரையை விலக்கினாள். உள்ளே வரிசை வரிசையாகப் பாய்கள். பாய்தோறும் ஒருவர். எல்லோருடைய கண்ணும் திறந்திருந்தது, எல்லோருடைய உதடும் காய்ந்திருந்தது, எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நீல நிறத்தில் விளக்கு எரிந்தது.

அம்மாவின் முகம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. பாய் பாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். ஒருத்தியின் நரைமுடியில் ஒரு வாத்துச் சிறகு ஒட்டியிருந்தது. அங்கே உட்கார்ந்தாள். தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மடியில் ஏறிய கனத்தில் முகம் திரும்ப ஞாபகம் வந்தது.

முதல் தடவை முதுகுக்குப் பின்னால் ஒரு புலி உறுமியது. மூச்சின் சூடு அவள் பிடரியில் பட்டது. வடிவு திரும்பவில்லை.

இரண்டாம் தடவை வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. நோயில்லாத, கணீரென்ற குரல். "பா, பா, பா" என்று வாத்துகளைக் கூப்பிட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணுமில்லடி, எந்திரிச்சு வா, வீட்டுக்குப் போகலாம்" என்றது. வடிவின் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. மடியிலிருந்த கனத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது, திரும்பவில்லை.

மூன்றாம் தடவை உறுமல் இல்லை, ஜாலம் இல்லை. திரைமாயனே வந்து அவளுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குரல் படித்தவன் குரல், பொறுமையான குரல்.

"உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நியாயமாகப் பதில் சொல். நீ பார்ப்பதால் இவளுக்கு வலி ஒரு கடுகளவாவது குறையுமா? குறையாது. நீ பார்ப்பதால் இவள் பிழைப்பாளா? மாட்டாள். உனக்குத்தான் துக்கம், அதுவும் ஆயுள் முழுக்க. ஊரே நிம்மதியாக இருக்கிறதே, அது தப்பா? பதில் இருந்தால் என் முகத்தைப் பார்த்துச் சொல். பதில் இல்லையென்றால் தோற்றேன் என்று ஒப்புக்கொள்."

பதில் இருந்தது. ஒன்றல்ல, ஒன்பது இருந்தது. எல்லாம் அவள் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றன. இவனைப் போல எத்தனை பேரை மடக்கியிருக்கிறாள். ஒருமுறை திரும்பினால் போதும், அவன் முகம் செத்துப்போகும்படி பேசிவிடலாம்.

பதில் இல்லை என்றே அவன் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டாள். செம்பைச் சாய்த்து, அம்மாவின் வாயில் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினாள்.

காத்தாயி விழுங்கினாள். கண் மெதுவாக மகளிடம் வந்து நின்றது.

"வாத்தெல்லாம் அடைச்சிட்டியா?"

"அடைச்சிட்டேம்மா."

காத்தாயி ஒரு மூச்சு இழுத்தாள், விட்டாள். இன்னொன்று இழுத்தாள், விட்டாள். அடுத்த மூச்சுக்காக வடிவு காத்திருந்தாள். அது வரவில்லை.

யாரோ வந்து உயிரைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள். யாரும் வரவில்லை. நாளெல்லாம் மேய்ந்த வாத்துக்கூட்டம் குளத்தைக் கடந்து கரையேறும்போது, கடைசி வாத்து போன பிறகும் தண்ணீரில் ஒரு கோடு நிற்கும். கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடும் குளமாகிவிடும். குளம் துளியும் குறைந்திருக்காது. வடிவு அதை ஆயிரம் சாயங்காலம் பார்த்திருக்கிறாள். இப்போது அம்மாவின் முகத்தில் பார்த்தாள். வலி வந்தது, பெரிய வலி. அதற்கும் கீழே, வலியைவிடப் பெரிதாக ஏதோ அசையாமல் இருந்தது. அவள் அதோடு வாதாடவில்லை. அதற்குப் பெயரும் வைக்கவில்லை. கைகூப்பினாள், அவ்வளவுதான்.

டர்ரென்று பொன் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. விளக்கு பாதியாகக் குறைந்தது.

அந்த நேரத்தில் ஊருக்குள் அடுப்படியில் இருந்தவளும் ஏர் பிடித்தவனும் அப்படியே நின்றார்கள். பெயர்கள் திரும்ப வந்தன. அவரவர் பெயரைக் கத்திக்கொண்டு, கையில் கிடைத்த செம்போடும் குவளையோடும் சிரட்டையோடும் மண்டபத்துக்கு ஓடிவந்தார்கள். சடையப்பன் மாமா தன் அண்ணனின் பாயருகே விழுந்து முழுக்குரலில் அழுதார். பாய் பாயாக வாய் நனைந்தது, பாய் பாயாக மூச்சு ஓய்ந்தது. விளக்கு விரலளவானது, நகத்தளவானது.

ஒரு பாயருகே மட்டும் யாரும் இல்லை. பட்டுச்சேலை கட்டிய ஓர் இளம்பெண் அதில் கிடந்தாள். வடிவு வாசலைப் பார்த்தாள். கிழிந்த திரைக்கு வெளியே அறவாழி ராஜா நின்றுகொண்டிருந்தான். நரைத்த மீசை, தலையில் கிரீடம், உள்ளே வராத கால்.

அவனிடம் கேட்க அவளுக்கு நிறைய இருந்தது. ஒரு நாடே கேட்க வேண்டிய கேள்விகள். கிட்டே போனாள்.

"அம்மாவைத் தூக்கியபோது, சின்னப் பிள்ளை பார்க்கக் கூடாதென்று கதவைச் சாத்திவிட்டார்கள். எனக்கு அந்தக் கதவு மட்டும்தான் ஞாபகம் இருந்தது. பயமாக இருக்கிறது" என்றான் ராஜா.

கேள்விகளை வடிவு நாளைக்கு எடுத்து வைத்தாள். செம்பை அவனிடம் நீட்டினாள். "எனக்கும் பயமாத்தான் இருந்தது. வாங்க."

கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு ராஜா போய் உட்கார்ந்தான். மகனைவிட வயதில் சின்னவளாய் இருந்த அந்தத் தாய் நரைத்த மீசையை உற்றுப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் கதவுக்கு வெளியேவா நின்னுக்கிட்டிருந்தே, கண்ணு?"

"ஆமாம்மா" என்றான். தண்ணீர் ஊற்றினான். கண்ணெடுக்காமல் பார்த்தான்.

விளக்கு அணைந்தது.

திரைமாயன் இருந்த இடத்தில் சுருக்கம் விழுந்த ஒரு கிழவன் கிடந்தான். அவன் உதடும் காய்ந்திருந்தது. சாவுக்குப் பயந்து இவ்வளவையும் செய்தவன் இப்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஊர் முழுக்க முகத்தைத் திருப்பிக்கொண்டது. நியாயம்தானே? நானும் திருப்பியிருப்பேன்.

வடிவு ராஜாவிடமிருந்து செம்பை வாங்கிச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சம் இருந்தது. அவன் தலையருகே போய் உட்கார்ந்தாள்.

"நீ கேட்ட கேள்விக்கு எங்கிட்ட பதில் இருக்கு. ஆனா அது இப்ப வேண்டாம். வாயைத் திற."

அவன் கடைசிவரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே மாமரத்திலிருந்து ஒரு மஞ்சள் இலை விழுந்தது. பிறகு எல்லா மரத்திலிருந்தும் மழைபோல உதிர்ந்தது. அடுத்த வாரம் தளிர் கண்டது. ராஜா மண்டபத்தின் நான்கு சுவரிலும் வாசல் வைத்தான். வடிவு எடுத்துவைத்த கேள்விகளைச் சபையில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். சிலவற்றுக்குத் தலைகுனிந்தான். அவன் காலத்துக்குப் பின் அந்தச் சபைக்கு அவளே தலைவியானாள். வாத்துகளை மட்டும் வேறு யாரிடமும் விடவில்லை.

காக்கைக்குச் சோறு கிடைத்ததா என்றுதானே கேட்கிறீர்கள்? அம்மா பெயரைச் சொல்லி வாழையிலையில் ஒரு பிடி வைத்தாள் வடிவு. காக்கை வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, கொத்தித் தின்றது.

"உப்பு கம்மி" என்றது.

"கம்மியில்ல, சரியா இருக்கு" என்றாள் வடிவு.

அன்று தொடங்கிய அந்த வாதம் இன்னும் முடியவில்லை. கதை முடிந்துவிட்டது.