இருபத்திரண்டா, முப்பத்திரண்டா?

கிருபாகரனுக்கு அறுபத்திரண்டு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தேழு. பெயர் இசக்கியம்மாள். வத்தலக்குண்டுக்கு வெளியே இருக்கும் ஒரு ரைஃபிள் கிளப்பில் துப்பாக்கி சுடப் பயிற்சி கொடுப்பவர். மாநில அளவில் பதக்கம் வாங்கியவர், பேச்சில் மட்டும் மகா கஞ்சம். கிளப்பில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மகள் வயதுள்ள பெண்ணை அப்படிக் கூப்பிட கிருபாகரனுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் தொண்டையில் சிக்கியது. ஒரு வருடத்தில் அது சரியாகிவிட்டது.

கிருபாகரனுக்கு மலைமேல் காப்பித் தோட்டம். பதினோரு ஏக்கர், ஒரு ஓட்டு வீடு, அதில் அவர் ஒருவர். மனைவி போய் மூன்று வருடம் ஆகிறது. பக்கத்துத் தோட்டத்து விளக்கு கண்ணில் பட வேண்டுமென்றால் மொட்டைப்பாறை வரை நடக்க வேண்டும். சில நாள் நடப்பார். கொஞ்ச நேரம் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு திரும்பி வந்து சோறு வடிப்பார்.

கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டு எழுதிப் போட்டார். பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அதற்காகத்தான் கிளப்பில் சேர்ந்தார். சான்றிதழ் வந்தது, போலீஸ் விசாரணை முடிந்தது, லைசென்ஸும் வந்தது. குறித்த காலத்துக்குள் துப்பாக்கியை வாங்கிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இன்னும் பத்து நாள்தான் பாக்கி. மனிதருக்கு இன்னும் முடிவெடுக்க முடியவில்லை.

தலையணைக்கு அடியில் அடங்குகிற சின்ன பிஸ்டல்தான் வேண்டும், அதில் குழப்பம் இல்லை. குண்டு எந்த அளவு என்பதில்தான் தகராறு. பாயிண்ட் இருபத்திரண்டா, பாயிண்ட் முப்பத்திரண்டா? ஓர் அங்குலத்தை நூறு பங்காகப் பிரித்தால் இரண்டுக்கும் பத்துப் பங்குதான் வித்தியாசம். அந்தப் பத்துப் பங்கு அவருடைய தூக்கத்தைக் கெடுத்தது.

மதுரைக் கடைக்காரர் முப்பத்திரண்டுக்குச் சத்தியம் செய்தார். வருகிறவன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவானாம். கிளப்பில் கூடப் பயிற்சி எடுக்கும் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் இருபத்திரண்டுதான் என்று நின்றார். உங்கள் கைக்கு அதுதான் உதறாது, பெரிய குண்டு குறி தப்பினால் என்ன பிரயோஜனம் என்று கேட்டார். இவர் சொன்னால் இது சரியாகத் தெரிந்தது, அவர் சொன்னால் அது சரியாகத் தெரிந்தது. பெண் பார்க்கப் போனபோதுகூட கிருபாகரன் இத்தனை யோசித்ததில்லை.

சனிக்கிழமைதோறும் மாஸ்டரிடம் கேட்டார்.

"சுடுங்க சார்" என்பார் மாஸ்டர். அதோடு சரி.

ஆனால் மாஸ்டர் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். மற்றவர்கள் பத்து மீட்டரில் அட்டையை மாட்டிச் சுடுவார்கள். கிருபாகரன் மட்டும் காலால் அளந்து, ஏழு தப்படியில் மாட்டச் சொல்லுவார். ஒரு வாரம்கூட அது மாறியதில்லை. அந்தச் சனிக்கிழமை தூறல் போட்டுக்கொண்டிருந்ததால் வேறு யாரும் வரவில்லை. மாஸ்டர் அன்றைக்குத்தான் கேட்டார்.

"அதென்ன சார், எப்பவும் ஏழு தப்படி?"

"என் கட்டில்லேருந்து வாசக்கதவு ஏழு தப்படி, மாஸ்டர்."

கேட்காமலே மீதியையும் சொல்லிவிட்டார். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி. சாயங்காலத்திலேயே இருட்டிக்கொண்டு கொட்டிய மழை, கரண்ட் இல்லை. யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் மிளகுக்கொடி கழிக்கிற அரிவாளை எடுத்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் கதவுக்குப் பின்னால் நின்றார். மூன்று முறை தட்டிய கை பிறகு ஓய்ந்துவிட்டது. வெகுநேரம் கழித்துத் தண்ணீரில் யாரோ நடந்து போகிற சத்தம் கேட்டது. காலையில் பார்த்தால் படியெல்லாம் ஈரச் சேறு. வந்த ஆள் நனைந்தபடி நெடுநேரம் அங்கேயே நின்றிருக்க வேண்டும். திருடன்தான் என்று கிருபாகரன் தீர்மானித்தார். அந்த வாரமே லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார்.

உங்கள் வீட்டுக்கு வழக்கமாக யார் வருவார்கள் என்று மாஸ்டர் விசாரித்தார்.

"யாரும் வரமாட்டாங்க."

கொட்டகை ஓட்டின்மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கிருபாகரனே மறுபடி பேசினார்.

"ஒரு பையன் இருக்கான், மாஸ்டர். நிர்மல்னு பேரு. கல்யாண விஷயத்துல தகராறாகி, இனிமே இந்தப் படிய மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். அஞ்சு வருஷமாச்சு. அவங்கம்மா சாவுக்குக்கூட நேரா சுடுகாட்டுக்கு வந்துட்டு அப்படியே திரும்பிட்டான். வீட்டுப் படிய மிதிக்கல."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மகனை நினைக்காத நாள் அவருக்குக் கிடையாது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, சொல்வதற்கு மலைமேல் ஆளும் இல்லை.

மாஸ்டர் எழுந்து கொட்டகைக்குப் பின்னால் போனார். போன மாதம் கிளப்பில் கழிவறையைப் புதுப்பித்தபோது கழற்றிப் போட்ட பழைய கதவு ஒன்று அங்கே கிடந்தது. அதை இழுத்து வந்து, மண்மேட்டுக்கு முன்னால் ஏழு தப்படியில் நிறுத்தி, இரண்டு பக்கமும் மணல் மூட்டையால் முட்டுக் கொடுத்தார். கழிவறைக் கதவைச் சுடுவதா என்று கிருபாகரனுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மண்மேடு தவிர ஒன்றும் இல்லை என்பதை அவரையே போய்ப் பார்த்துவரச் சொன்னார் மாஸ்டர். பிறகு மேஜைமேல் இரண்டு பிஸ்டல்களை எடுத்து வைத்தார்.

"அதுதான் உங்க வாசக்கதவு. இப்ப நான் தட்டுதேன். மொதல்ல இருபத்திரண்டு."

கிருபாகரன் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு நின்றார். மாஸ்டர் மேஜைமேல் கை முட்டியால் மூன்று முறை ஓங்கித் தட்டினார். கவசத்தையும் மீறிச் சத்தம் கேட்டது. கிருபாகரன் சுட்டார். கை கொஞ்சமும் அசையவில்லை.

"இப்ப முப்பத்திரண்டு."

மறுபடி மூன்று தட்டு. மறுபடி சுட்டார். இந்தத் தடவை மணிக்கட்டு மேலே தூக்கியது, ஆனால் குறி தப்பவில்லை.

மாஸ்டர் இரண்டையும் காலி செய்து மேஜைமேல் வைத்த பிறகு, இருவரும் தூறலில் நனைந்தபடி கதவருகே போனார்கள். நெஞ்சு உயரத்தில் இரண்டு ஓட்டைகள், பக்கம் பக்கமாக. ஒன்று கொஞ்சம் சின்னது, ஒன்று கொஞ்சம் பெரியது. இரண்டு வழியாகவும் அந்தப் பக்கத்து மண்மேடு தெரிந்தது. கிருபாகரன் குனிந்து இரண்டிலும் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார். இரண்டிலும் விரல் நுழையவில்லை. மூன்று மாதக் குழப்பம் இப்போது இன்னும் கூடிவிட்டது போலிருந்தது.

"ரெண்டுமே துளைச்சுக்கிட்டுப் போயிருச்சே, மாஸ்டர். இப்ப நான் எத வாங்கறது?"

மாஸ்டர் கதவைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தார்.

"ரெண்டு தடவ தட்டினேன் சார். ஒரு தடவகூட யாருன்னு நீங்க கேக்கலியே."