தலைவர் உட்கார்ந்தால் அணையும் டிவி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கத் தலைவர் தணிகாசலம், பொது ஹாலுக்குப் புது டிவி வாங்கினார். "ரிமோட்டை டிவி பக்கம் நீட்டவே வேண்டாம், எங்கிருந்து அழுத்தினாலும் கேட்கும்" என்று பீற்றிக்கொண்டார். அதை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

இரண்டே நாளில் டிவி தானாக அணைய ஆரம்பித்தது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினார்கள். மெக்கானிக் வந்து ரீசெட் செய்தார். அப்போதும் அணைந்தது.

ஹாலைப் பெருக்கும் பவுனம்மாவை எல்லார் முன்னாலும் கூப்பிட்டு, தலைவர் விரலை நீட்டினார். "ஈரத்துணியால துடைச்சுக் கெடுத்தது நீதான்! இன்னிக்கு மேட்ச் முடியறவரைக்கும் டிவி ஓடணும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

மற்றவர்கள் மேட்ச் பார்க்க நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"ஓடும் சார்," என்றாள் பவுனம்மா. "நீங்க மட்டும் நின்னுக்கிட்டே பாருங்க."

"என்ன திமிர்!" என்று கத்தினாலும், கூட்டம் பார்க்கிறதே என்று நின்றார். டிவி ஜம்மென்று ஓடியது. கடைசி ஓவரில் கால் கடுத்துப்போய் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். டிவி அணைந்தது.

"பாத்தீங்களா, இவதான்!" மறுபடியும் விரல் நீண்டது.

"அந்தக் கையை அப்படியே உங்க பின்பாக்கெட்டுக்குக் கொண்டுபோங்க சார்."

கொண்டுபோனார். ரிமோட் வந்தது. உட்காரும்போதெல்லாம் அதன் பவர் பட்டனை நசுக்கியது அவருடைய சொந்த உடம்புதான். ஹாலே சிரித்தது.

பவுனம்மா சிரிக்கவில்லை. துடைப்பத்தை அவர் நாற்காலியில் சாய்த்து வைத்தாள்.

"நாளைக்கு வேலைக்கு வர்றதா வேணாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன் சார்."